1950கள்ல டெக்சாஸ் ஹைஸ்கூல் வாழ்க்கை, ஊருக்கு ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் பகை: பெரியவங்க சொன்ன கதை தெரிஞ்சவங்க வாங்க

கேட்டிவாசி (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹூஸ்டன் பக்கம் கேட்டில இருக்கேன், பதினோரு வருஷமாச்சு. பொண்ணு இந்த வருஷம் ஹைஸ்கூல் சேந்தா. போன வாரம் ஹோம்கமிங்குக்கு (பழைய மாணவர்களை வரவேற்கிற ஃபுட்பால் விழா) "மம்" வேணும்னு ஒரே அடம், அது என்னன்னு பாத்தா நெஞ்சுல குத்துறதுல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் தொங்குது, துணிப்பூ, ரிப்பன், மணி, குட்டி கரடி பொம்மை, அதுல லைட்டு வேற எரியுது. வாசல்ல நின்னு நாங்க இதைப் பத்தி பேசிட்டு இருந்தத பக்கத்து வீட்டு தாத்தா கேட்டுட்டு வந்தாரு. 84 வயசு, மேற்கு டெக்சாஸ்ல அபிலீனுக்கு பக்கத்துல ஒரு சின்ன ஊர்க்காரர், ஊர் பேர் இங்க வேணாம். "எங்க காலத்துல நெஜ பூ ஒண்ணே ஒண்ணு தான், ஸ்கூல் கலர்ல ரெண்டு ரிப்பன், அவ்ளோதான், ராத்திரி கேம் முடியறதுக்குள்ள வாடிரும், பொண்ணுங்க அதை பைபிளுக்குள்ள வச்சு காய வைப்பாங்க"ன்னாரு. மம்முன்னா வேற ஒண்ணும் இல்லைங்க, நம்ம சாமந்தி தான்.

அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சு, இப்ப தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் ஓடுது. மனுஷன் சொல்லச் சொல்ல எனக்கு வேற ஒரு உலகமே தொறக்குது. அதைத்தான் இங்க எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

முதல் விஷயம், அங்க ஸ்கூல் பகைன்னா பசங்க பகை இல்ல, ஊர்ப்பகை. இவர் ஊருக்கும் 12 மைல் தள்ளி இருக்கிற அடுத்த ஊருக்கும் ஆகவே ஆகாது. பொருத்தம் பாக்கறப்ப கூட "அந்த ஊரா"ன்னு ஒரு இழுப்பு இருக்குமாம். ரெண்டு ஊரும் சின்னது, பதினோரு பையன் தேறாது, அதனால சிக்ஸ்மேன் ஃபுட்பால். ஒரு பக்கம் ஆறே பேரு, மைதானமும் 100 கெஜம் இல்ல, 80 கெஜம் தான். டெக்சாஸ்ல இது 1938லயே லீக்குக்குள்ள வந்துருச்சு. இவரோட அண்ணன் அந்த ஆறுல ஒருத்தர். கேமுக்கு முந்தின நாள் ராத்திரி பசங்க போயி எதிரி ஊர் தண்ணி டேங்க் மேல ஏறி பெயிண்ட் அடிச்சிட்டு வர்றது, அவங்க இந்த ஊர்க்காரங்க கேமுக்காக கொளுத்தற பெரிய நெருப்புக்கு அடுக்கி வச்ச கட்டையை முந்தின நாளே கொளுத்திட்டு ஓடறது, இதெல்லாம் வருஷா வருஷம். ஷெரீஃப் ஆளும் கண்டுக்க மாட்டாராம், அவரும் அதே ஸ்கூல்ல படிச்சவர் தானே.

ரெண்டாவது விஷயம் பஞ்சம். 1950ல ஆரம்பிச்சு 1957 வசந்தம் வரைக்கும் மழை சரியாவே இல்ல. டெக்சாஸ்ல மொத்தம் 254 கவுண்டி, கடைசில அதுல 244ஐ பேரிடர் பகுதின்னு அறிவிச்சிட்டாங்க. இவங்க அப்பாவுக்கு மாட்டுப்பண்ணை. புல்லு போயிருச்சு, வைக்கோல் வாங்க காசு இல்ல, என்ன பண்ணாங்க தெரியுமா, சப்பாத்திக்கள்ளி! கேஸ்ல எரியற நீட்டு பர்னர் ஒண்ண தூக்கிட்டு போயி கள்ளி மேல இருக்கிற முள்ள மட்டும் பொசுக்கிவிட்டா மாடு வந்து திங்கும். பர்னர் சத்தம் கேட்டாலே மாடெல்லாம் ஓடி வருமாம். ஸ்கூல் போறதுக்கு முன்னாடி காலைல இருட்டோட இந்தப் பையன் வேலை அதுதான். முடி பொசுங்குன வாசனையோட தான் கிளாஸ்ல உக்காருவேன்னாரு, பாதி பசங்க அப்படித்தான் இருந்தாங்களாம், யாரும் யாரையும் கேலி பண்ணல.

அந்த ஏழு வருஷமும் வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் லைட்டு போட்டு ஊரே கூடும். சர்ச்சுல ஞாயித்துக்கிழமை கூடுவாங்க, அங்க மழைக்கு வேண்டுவாங்க. வெள்ளிக்கிழமை மழையைப் பத்தி யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு ஒரு எழுதாத சட்டமாம்.

மிச்சத்தை அப்புறம் எழுதுறேன். உங்க ஏரியா பெரியவங்க சொன்னது எதுனா இருந்தா போடுங்க.

மிட்லாண்ட்_மச்சான்

அண்ணே செம இழை. நான் ஆயில் ஃபீல்டு வேலைல மிட்லாண்ட்ல இருக்கேன், ஒடெஸ்ஸா 20 மைல். இங்க இன்னிக்கும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனா ரோடு காலி, எல்லாம் ஸ்டேடியத்துல.

ஒடெஸ்ஸா கதைய சொல்றேன். 1946ல ஒடெஸ்ஸா ஹைஸ்கூல் ஸ்டேட் சாம்பியன். பைரன் டவுன்செண்ட்னு ஒரு பையன், ஆஸ்டின்ல நடந்த ஃபைனல்ல சான் ஆன்டோனியோ ஜெஃபர்சனை 21-14ன்னு ஜெயிச்சாங்க. எண்ணெய் வர வர ஊர் பெருத்துப் போச்சு, ஒரு ஸ்கூல் பத்தலன்னு 1959ல பெர்மியன் ஹைஸ்கூல் தொறந்தாங்க. அங்கதான் ஊரு ரெண்டாச்சு. அண்ணன் பழைய ஸ்கூல், தம்பி புது ஸ்கூல்னு ஒரே வீட்டுக்குள்ள பிரிஞ்சவங்க இருக்காங்க. பெர்மியன் ஆறே வருஷத்துல, 1965ல, ஸ்டேட் அடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் பழைய ஸ்கூல் பெர்மியனை ஜெயிச்சது 1997ல தான்! முப்பது வருஷத்துக்கு மேல! எங்க ஆபீஸ்ல ரிட்டையர் ஆகப்போற ஒருத்தர் பழைய ஸ்கூல் ஆளு, 97 கேம் அன்னிக்கு அவங்க அப்பா அழுததை சொல்லும்போது அவருக்கும் கண்ணு கலங்கிருச்சு.

ஊர்சுத்தி

தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா பதினாறு வயசு பசங்க ஆடற ஆட்டத்துக்கு இவ்ளோவா? நெஜமாவே கூட்டம் வந்துச்சா, இல்ல வயசானவங்க ஞாபகத்துல பெருசா தெரியுதா?

கேட்டிவாசி

ஊர்சுத்தி, நியாயமான கேள்வி தான். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு கணக்கு சொல்றேன். 1945 ஸ்டேட் ஃபைனல், டல்லாஸ் காட்டன் பவுல் ஸ்டேடியத்துல, வேகோவும் ஹைலேண்ட் பார்க்கும். வந்த கூட்டம் 45,790 பேரு. ஹைஸ்கூல் மேட்சுக்கு! ஆட்டம் 7-7ல நின்னு ரெண்டு பேரும் சேந்து சாம்பியன். அப்பெல்லாம் ஓவர்டைம் கெடையாது.

இன்னொண்ணு, அபிலீன் ஹைஸ்கூல். சக் மோசர்னு ஒரு கோச், 1954, 55, 56 மூணு வருஷமும் ஸ்டேட் சாம்பியன், வரிசையா 49 கேம் ஜெயிச்சாங்க. தாத்தாவுக்கு அது பக்கத்து பெரிய ஊரு, இவங்க சின்ன ஸ்கூல் அவங்க கூட மோதவே முடியாது, ஆனாலும் பிக்கப் வண்டி பின்னாடி ஏழெட்டு பசங்க ஏறி அபிலீன் கேம் பாக்க போவாங்களாம். 1957 டிசம்பர்ல அரையிறுதி, அதே காட்டன் பவுல், எதிர்ல ஹைலேண்ட் பார்க். 20-20. டை. ஆனா ப்ளேஆஃப்ல ஒருத்தர் அடுத்த ரவுண்டு போயாகணுமே, அதுக்கு "பெனட்ரேஷன்"னு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, எதிரியோட 20 கெஜ கோட்டுக்குள்ள யார் அதிக தடவை புகுந்தாங்கன்னு எண்ணுவாங்க. ஹைலேண்ட் பார்க் அதுல முந்திட்டாங்க. அவ்ளோதான், அபிலீன் வீட்டுக்கு. ஸ்கோர்ல தோக்காம வெளிய போனாங்க. தாத்தா ரேடியோவுல கேட்டாராம், மொத நாலஞ்சு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னே புரியல, அறிவிப்பாளர் திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியதாச்சுன்னாரு. 67 வருஷம் ஆச்சு, இன்னும் அந்த விதிய திட்டுறாரு.

இசைத்தட்டு

ஃபுட்பால் ஆடாத பசங்க கதையும் பேசலாமா? எனக்கு அந்தப் பக்கம் தான் ஈர்ப்பு.

அதே மேற்கு டெக்சாஸ், அதே வருஷங்கள். லப்பக் ஹைஸ்கூல்ல 1955ல படிப்பு முடிச்ச கண்ணாடிக்கார பையன் பட்டி ஹாலி. அதே 1955ல எல்விஸ் லப்பக் வந்து பாடறப்ப அவருக்கு முன்னாடி மேடை ஏறினவங்கள்ல இவரும் ஒருத்தர். நாலே வருஷம், 1959 பிப்ரவரி 3 விமான விபத்துல போயிட்டாரு, 22 வயசு. அங்கேருந்து தெக்கால விங்க்னு ஒரு துக்குளியூண்டு எண்ணெய் ஊரு, அங்க 1954ல ஹைஸ்கூல் முடிச்சவரு ராய் ஆர்பிசன். அவர் ஸ்கூல் பசங்களோட சேத்த பேண்டு பேரு விங்க் வெஸ்டர்னர்ஸ். கெட்டிக் கண்ணாடி, கூச்ச சுபாவம், ஃபுட்பால் தான் எல்லாம்னு இருக்கிற ஊர்ல அந்தப் பையன் எப்படி இருந்திருப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா என் மனச அறுக்கிறது போர்ட் ஆர்தர். கடலோரம், பூரா ரிஃபைனரி. அங்க தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல். 1960ல அங்க படிச்சு முடிச்ச பொண்ணு ஜானிஸ் ஜாப்ளின். படம் வரைவா, புத்தகம் படிப்பா, கறுப்பின மக்களும் நாமளும் ஒண்ணா படிக்கணும்னு கிளாஸ்ல வாய்விட்டு சொல்லுவா. அதுக்கு கெடைச்ச பரிசு ஸ்கூல் முடியற வரைக்கும் கேலி, ஏச்சு. பின்னாடி உலகமே கொண்டாடற பாடகி ஆனப்புறம் டிவில உக்காந்து சொன்னா, என்னை கிளாஸ்லேருந்து சிரிச்சு வெரட்டினாங்க, ஊர்லேருந்து வெரட்டினாங்க, ஸ்டேட்டை விட்டே வெரட்டினாங்கன்னு. இருந்தும் 1970 ஆகஸ்ட்ல பத்தாவது வருஷ ரீயூனியனுக்கு போனா பாருங்க. ஏன் போனான்னு எனக்கு புரியுது. அவ்ளோ புகழ் வந்தும் அந்த ஸ்கூல் வராண்டாவுல நின்ன பொண்ணு உள்ள அப்படியே இருந்திருக்கா. அக்டோபர் 4ம் தேதி செத்துப் போயிட்டா, 27 வயசு.

அதே காலத்துல அதே ஸ்கூல்ல ஃபுட்பால் ஆடின ஒரு பையன் தான் ஜிம்மி ஜான்சன், பின்னாடி டல்லாஸ் கௌபாய்ஸ் கோச்சா ரெண்டு சூப்பர் பவுல் ஜெயிச்சவர். ஒரே கட்டடத்துக்குள்ள ஒருத்தருக்கு கைதட்டலு, இன்னொருத்திக்கு ஏச்சு.

மிட்லாண்ட்_மச்சான்

விங்க் போயிருக்கேன் பாஸ். இப்ப ஊர்ல ஆளே இல்ல. எண்ணெய்க் கிணறு ரிக் சத்தம் மட்டும்.

தேர்டுவார்டு_டீச்சர்

எல்லாம் படிச்சேன். நல்லா எழுதுறீங்க, ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், கோவமா எடுத்துக்காதீங்க தம்பி. இதுவரைக்கும் இந்த இழைல வந்த 40கள், 50கள் டீம்ல ஒரு கறுப்பினப் பையன் கூட கெடையாது. இருந்திருக்கவே முடியாது. அந்த லீக், யூ.ஐ.எல்., டெக்சாஸ் ஸ்கூல் போட்டிகளை நடத்தற அமைப்பு, அப்பெல்லாம் கறுப்பின ஸ்கூல்களை சேத்துக்கவே மாட்டாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி, வெள்ளிக்கிழமை ராத்திரின்னு எல்லாரும் உருகுறோம், அந்த ஸ்டேடியத்துக்கு புதன்கிழமை வியாழக்கிழமையும் லைட்டு எரிஞ்சுது, அது யாருக்கும் ஞாபகம் வரல.

நான் ஹூஸ்டன்ல, காலங்காலமா கறுப்பின மக்கள் வாழற தேர்டு வார்டு பக்கம் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருக்கேன், அதனால கூட வேலை பாக்குறவங்க, பசங்களோட தாத்தா பாட்டிங்க சொல்லிக் கேட்டது நெறைய. கறுப்பின ஸ்கூல்களுக்கு தனி லீக், பேரு ப்ரெய்ரி வியூ இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். 1920லேருந்து 1970 வரைக்கும் அம்பது வருஷம். ஃபுட்பால் மட்டும் இல்ல, பேண்டு, பேச்சுப் போட்டி, டைப்ரைட்டிங் எல்லாம் அதுக்குள்ள. ஊர்ல நல்ல ஸ்டேடியம் ஒண்ணுதான், வெள்ளிக்கிழமை வெள்ளைக்கார ஸ்கூலுக்கு, அதனால இவங்களுக்கு வார நாள்ல தான் கெடைக்கும். பல ஊர்ல வெள்ளைக்கார ஸ்கூல் போட்டுக் கழிச்ச ஹெல்மெட்டும் ஜெர்சியும் தான் இவங்களுக்கு வரும்.

அப்படி இருந்தும் ஹூஸ்டன்ல என்ன நடந்துச்சு தெரியுமா? ரெண்டு ஸ்கூல். தேர்டு வார்டுல ஜாக் யேட்ஸ், சிவப்பும் தங்கமும், சிங்கம். ஃபிஃப்த் வார்டுல ஃபில்லிஸ் வீட்லி, ஊதாவும் வெள்ளையும், வைல்டுகேட். 1927லேருந்து 1966 வரைக்கும் வருஷா வருஷம் இவங்க ரெண்டு பேரும் மோதுனாங்க, நாள் வியாழக்கிழமையே தான், ஆனா எந்த வியாழன்? தேங்க்ஸ்கிவிங் பண்டிகை! வீட்டுக்கு வீடு டர்க்கி, அதான் வான்கோழி, சமைக்கிற நாள், அதனால டர்க்கி டே கேம். ஜெப்பசன் ஸ்டேடியத்துல 30,000 பேருக்கு மேல வந்த வருஷங்கள் உண்டு. அந்த வாரம் பூரா ரெண்டு வார்டும் தூங்காது, ஊர்வலம், பேண்டு, ராணி பட்டம், தையல்காரங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே வேலை குவிஞ்சிரும், ஏன்னா கேமுக்கு யாரும் சாதாரண உடுப்புல போக மாட்டாங்க. தொப்பி, கையுறை, ஃபர் கோட்டு. என்கூட வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு அம்மா வீட்லி பேண்டுல கிளாரினெட் வாசிச்சவங்க. "ஆட்டத்த யாரு பாத்தா, ஹாஃப்டைம்ல அவங்க பேண்டா எங்க பேண்டான்னு தான் ஊரே நிக்கும்"னு சொல்லுவாங்க. தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்ட அவங்க அம்மா விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்கி முடிச்சிடுவாங்களாம், கேமுக்கு லேட் ஆகக் கூடாதுன்னு.

பார்பரா ஜோர்டன் தெரியுமில்ல, 1974ல நிக்சன் விசாரணைல அந்தக் கணீர் குரல்ல பேசி நாட்டையே உக்கார வச்ச எம்.பி. அவங்க 1952ல வீட்லில படிச்சு முடிச்சவங்க. அந்த குரல் மொதல்ல பேச்சுப் போட்டி மேடைல வளந்தது.

சான்ஆன்டோனியோ_அக்கா

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. பியூமாண்டையும் சேத்துக்கோங்க. அங்க சார்ல்டன்-பொலார்டு ஒரு பக்கம், ஹீபர்ட் ஒரு பக்கம், ரெண்டும் கறுப்பின ஸ்கூல். சார்ல்டன்-பொலார்டு கோச் வில்லி ரே ஸ்மித், அவர் பையன் பப்பா ஸ்மித். அவ்ளோ பெரிய ஆட்டக்காரன், டெக்சாஸ் யூனிவர்சிடில அவனுக்கு எடம் இல்ல, மிச்சிகன் வரைக்கும் போனான், 1967ல தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். ஆள் எடுக்கற டிராஃப்ட்ல மொத ஆளா எடுத்தாங்க. ஹீபர்ட் பக்கம் மெல் ஃபார், ஜெர்ரி லிவாயஸ். லிவாயஸ் 1965ல டல்லாஸ்ல இருக்கிற எஸ்.எம்.யூ. யூனிவர்சிடில சேந்தாரு, சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ்னு அந்த யூனிவர்சிடிங்க ஆடற லீக்ல ஸ்காலர்ஷிப் வாங்கின மொத கறுப்பின ஆட்டக்காரர்.

எங்க ஊர் கதை ஒண்ணு. 1963 நவம்பர் 21 கென்னடி சான் ஆன்டோனியோ வந்துட்டுப் போனாரு. மறுநாள் டல்லாஸ்ல சுட்டுட்டாங்க. சரியா ஒரு வாரம் கழிச்சு, 29ம் தேதி, அலமோ ஸ்டேடியத்துல ப்ராக்கன்ரிட்ஜ் ஹைஸ்கூலும் ராபர்ட் ஈ. லீ ஹைஸ்கூலும் ப்ளேஆஃப். ப்ராக்கன்ரிட்ஜ் தெக்குப் பக்கம், கறுப்பினம், மெக்சிகன், வெள்ளை மூணும் கலந்து படிச்ச ஸ்கூல், முந்தின வருஷ ஸ்டேட் சாம்பியன், அவங்க பக்கம் வாரன் மெக்வே. லீ வடக்குப் பக்கம் வசதியானவங்க ஏரியா, அங்க லைனஸ் பேயர். ஆட்டம் 55-48, லீ ஜெயிச்சுது. ரெண்டு பசங்களும் புடிச்சா ஓட்டம், புடிச்சா டச்டவுன். டிவிலயும் காமிச்சாங்க. ஊரே ஒரு வாரமா அழுதுட்டு இருந்தப்ப வந்த ராத்திரி அது. எங்க தெருவுல 80 வயசு தாண்டின ஒருத்தர் சொல்றாரு, அன்னிக்கு தான் ஒரு வாரத்துல மொத தடவை வாய்விட்டு கத்தினேன்னு. மெக்வே அடுத்த வருஷம் ஹூஸ்டன் யூனிவர்சிடில சேந்தாரு, அங்க ஃபுட்பால்ல மொத கறுப்பின வீரர். தோத்த பையன் பேரைத் தான் இன்னிக்கும் எல்லாரும் மொதல்ல சொல்றாங்க.

எல்பாசோ_எஞ்சினியர்

மெக்சிகன் பசங்கள மறந்துராதீங்க. 1949ல யூ.ஐ.எல். மொத மொதல்ல ஸ்டேட் பேஸ்பால் போட்டி வச்சாங்க. ஜெயிச்சது எல் பாசோ போவி ஹைஸ்கூல். செகுண்டோ பாரியோன்னு பார்டர ஒட்டின ஏழைக் குடியிருப்பு பசங்க, டீம்ல எல்லாரும் மெக்சிகன்-அமெரிக்கன். கோச் நீமோ ஹெரேரா. ஆஸ்டின் போனா ஹோட்டல்ல எடம் தரல, யூனிவர்சிடி ஸ்டேடியம் கேலரிக்கு அடில மிலிட்டரி கட்டில் போட்டு படுத்தாங்க. அங்க படுத்து எந்திரிச்சு வந்து ஃபைனல்ல ஆஸ்டின் ஊர் ஸ்கூலையே 3-2ன்னு தோக்கடிச்சாங்க. எனக்கு டெக்சாஸ்லயே புடிச்ச கதை இதுதான்.

1961ல டோனான்னு தெக்குப் பள்ளத்தாக்கு ஊரு, அதுலயும் பெரும்பாலும் மெக்சிகன் பசங்க, குவானா ஊர் ஸ்கூலை 28-21ன்னு ஜெயிச்சு ஃபுட்பால் ஸ்டேட் அடிச்சாங்க. ரியோ கிராண்டே பள்ளத்தாக்குலேருந்து ஃபுட்பால்ல ஸ்டேட் ஜெயிச்ச ஒரே ஸ்கூல்.

ஊர்சுத்தி

நான் கேட்ட கேள்விக்கு இவ்ளோ வரும்னு நெனைக்கல. டீச்சர், ஒரு சந்தேகம். 1966ல அந்த டர்க்கி டே கேம் ஏன் நின்னுச்சு? நல்லா தானே போயிட்டு இருந்துச்சு?

தேர்டுவார்டு_டீச்சர்

அது தாங்க வலி. பிரிவினை ஒழியணும்னு தானே எல்லாரும் போராடுனாங்க. 1956ல மான்ஸ்ஃபீல்டுன்னு ஃபோர்ட் வொர்த் பக்கத்து ஊர்ல, கோர்ட்டே உத்தரவு போட்டும், மூணு கறுப்பினப் பசங்க ஹைஸ்கூல்ல சேரக் கூடாதுன்னு கூட்டம் கூடி ஸ்கூல்ல கொடும்பாவி கட்டித் தொங்க விட்டாங்க. கவர்னர் ஷிவர்ஸ் ரேஞ்சர்னு சொல்ற ஸ்டேட் போலீஸை அனுப்பினாரு, பசங்களை உள்ள விட இல்ல, வெளிய நிறுத்த! பசங்க பழையபடி பஸ் ஏறி ஃபோர்ட் வொர்த்ல ஐ.எம். டெரெல் ஸ்கூலுக்கே போனாங்க. மான்ஸ்ஃபீல்டு ஸ்கூல் கறுப்பினப் பசங்களுக்கு தொறந்துவிட்டது 1965ல. அப்படிப்பட்ட எடத்துலேருந்து வந்த விடுதலை, அதுல ரெண்டு பேச்சு கெடையாது.

ஆனா எப்படி சேத்தாங்க? ரெண்டு லீக்கும் ஒண்ணாகும்போது யூ.ஐ.எல். கால அட்டவணை தான் நின்னுச்சு, அதுல தேங்க்ஸ்கிவிங் கேமுக்கு எடம் இல்ல. அது கூட பரவால்ல. ஊர் ஊரா பாத்தா, ரெண்டு ஸ்கூலை ஒண்ணாக்கறப்ப மூடினது பெரும்பாலும் கறுப்பின ஸ்கூலைத் தான். ஆஸ்டின்ல எல்.சி. ஆண்டர்சன் 1971ல மூடினாங்க. பிரின்சிபலா இருந்தவர் துணை ஆனாரு, தலைமை கோச் உதவி கோச் ஆனாரு, பேண்டு மாஸ்டருக்கு வேலையே இல்ல. கோப்பை, போட்டோ, ஆல்பம் எல்லாம் பல ஊர்ல குப்பைக்கு போச்சு. பசங்க வேற ஸ்கூல் கலரை போட்டுக்கிட்டு, வேற ஸ்கூல் பாட்டை பாடிக்கிட்டு, தன் அண்ணன் அக்கா ஜெயிச்சதுக்கு சாட்சியே இல்லாத கட்டடத்துக்குள்ள நடந்தாங்க. யேட்ஸும் வீட்லியும் இன்னிக்கும் நிக்குது, அது பெரிய புண்ணியம். பியூமாண்ட்ல ஹீபர்ட் 1982ல இன்னொரு ஸ்கூலோட சேந்து வெஸ்ட் புரூக் ஆயிருச்சு.

கேட்டிவாசி

டீச்சர், நீங்க எழுதினதை படிச்சிட்டு ரெண்டு நாள் எதுவும் எழுத முடியல. நான் கேக்காம விட்ட கேள்வி அது. நேத்து தாத்தாகிட்ட போயி கேட்டேன்.

அதுக்கு முன்னாடி நான் இங்க சொல்லாம விட்ட ஒண்ண சொல்லணும். தாத்தா ஊர் ஸ்கூல் இப்ப இல்ல. 1949ல ஸ்டேட்ல புதுச் சட்டம் வந்துச்சு, கில்மர்-ஐக்கின்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம் சின்ன சின்ன ஸ்கூலை எல்லாம் பெருசோட சேக்க ஆரம்பிச்சாங்க. 1951ல, இவருக்கு பத்து வயசு, இவங்க ஸ்கூலை மூடிட்டு பசங்களை பஸ்ல அனுப்பினாங்க, எங்க தெரியுமா, அந்த 12 மைல் தள்ளி எதிரி ஊருக்கு. அண்ணன் கடைசி வருஷம் எதிரி கலர் ஜெர்சிய போட மாட்டேன்னு ஃபுட்பாலையே விட்டுட்டாரு. இவர் பெருசானப்புறம் அந்த கலரைப் போட்டு மூணு வருஷம் ஆடினாரு, அப்பா ஒரு கேமுக்கு கூட உள்ள வந்து பாக்கல. வந்து வாசல்ல வண்டில உக்காந்திருப்பாராம், உள்ள வர மாட்டாராம். லைட்டுக்கு வெளிய அந்த வண்டி நிக்கிறது இவருக்கு மைதானத்துலேருந்து தெரியுமாம். பழைய ஸ்கூல் கட்டடத்த பஞ்சு கொடோன் ஆக்கிட்டாங்க, அப்புறம் கூரை விழுந்துருச்சு. அண்ணன் ஜெர்சி மட்டும் இவர்கிட்ட இருக்கு. கேரேஜ்ல ஒரு அட்டைப்பெட்டில, பூச்சி அரிச்சு, நம்பர் மட்டும் நல்லா இருக்கு. என்கிட்ட காமிச்சாரு.

சரி, அதையெல்லாம் சொன்ன மனுஷன்கிட்ட நான் கேட்டேன், உங்க ஊர்ல கறுப்பினப் பசங்க எங்க படிச்சாங்கன்னு. ரொம்ப நேரம் பேசல. பஞ்சு எடுக்க வந்து தங்கிட்ட குடும்பங்க நாலஞ்சு இருந்துச்சாம். "காலைல எங்க பஸ் இந்தப் பக்கம் போகும்போது இன்னொரு பஸ் எதுத்த திசைல போகும். தினமும் பாத்தேன். அது எங்க போச்சுன்னு ஒரு நாளும் கேக்கல"ன்னாரு. அப்புறம் உள்ள எந்திரிச்சு போயிட்டாரு.

சான்ஆன்டோனியோ_அக்கா

தம்பி, அந்த ரெண்டு பஸ்ஸு... படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

தேர்டுவார்டு_டீச்சர்

கேட்டீங்களே, அதுவும் அவர் மறைக்காம சொன்னாரே, அது போதும். ஒரு யோசனை. நான் சொன்ன கிளாரினெட் அம்மாவுக்கு இப்ப 79. வீட்லி 1964. நேத்து போன் பண்ணி உங்க தாத்தா ஜெர்சி கதைய சொன்னேன். "அந்த ஆளை பாக்கணும், அட்டைப்பெட்டிய எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னாங்க. அவங்க வீட்டுலயும் ஒரு பெட்டி இருக்கு, ஊதா கலர் பேண்டு தொப்பி, டர்க்கி டே நோட்டீஸு ரெண்டு மூணு. தனி மெசேஜ்ல நம்பர் அனுப்புறேன்.

மிட்லாண்ட்_மச்சான்

போட்டோ போடுங்க அண்ணே, ஆள் போட்டோ வேணாம், ஜெர்சியும் தொப்பியும் மட்டும்.

கேட்டிவாசி

சனிக்கிழமை வந்தாங்க. எங்க வீட்ல தான். பொண்டாட்டி ஃபில்டர் காபி போட்டா, மூணு தடவை. மொத அரை மணி நேரம் ரெண்டு பேரும் வானிலை பத்தி பேசினாங்க, எனக்கு பயமா இருந்துச்சு எதுக்கு கூப்பிட்டோம்னு. அப்புறம் அந்தம்மா தான் ஆரம்பிச்சாங்க, "உங்களுக்கு எந்தக் கிழமை?" வெள்ளின்னாரு. "எங்களுக்கு புதன். மழை பெஞ்சா சேத்துல. ஆனா தேங்க்ஸ்கிவிங் மட்டும் எங்களோடது"ன்னு சொல்லிட்டு தொப்பிய எடுத்து மடில வச்சுக்கிட்டாங்க. இவரு பஸ் விஷயத்தை நானா சொல்லச் சொல்லல, அவரா சொன்னாரு. அந்தம்மா உடனே எதுவும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு "அந்த பஸ்ல போனவங்க பேரு ஏதாவது ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டாங்க. ஒரு குடும்பப் பேரு சொன்னாரு. ப்ரெய்ரி வியூ லீக் பழைய கோச்சுங்க சங்கம் ஒண்ணு இருக்காம், அங்க விசாரிக்கிறேன்னு எழுதி வாங்கிட்டாங்க.

கெளம்பறப்ப என் பொண்ணோட மம் சுவத்துல தொங்கிட்டு இருந்துச்சு, ரெண்டு பேரும் பக்கத்துல போயி அந்த கரடி பொம்மைய தொட்டுப் பாத்து தலைய ஆட்டினாங்க. நெஜ சாமந்தி தான் பூன்னு அந்தம்மா சொல்ல, இவரு வாடினா தான் வாசனைன்னு சொன்னாரு.

போட்டோ சாயந்திரம் ஏத்துறேன். அடுத்த மாசம் தாத்தாவை ஃபிஃப்த் வார்டு பக்கம் அவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போறேன், பொண்ணும் வரேன்னுட்டா. டீச்சர், சனிக்கிழமை காலைல அந்த ஏரியால பார்க்கிங் எப்படின்னு சொல்லுங்க, தாத்தாவால ரொம்ப தூரம் நடக்க முடியாது.